மீட்டர்மேல் மட்டும் படியும் ஆவி

பிப்ரவரி 2, திங்கள்

ஆழம்: கரையில் நின்றதால் ஒன்றுமில்லை. நேரம்: காலை முழுக்க. பார்த்தது: மாஸ்டரை.

இந்த நோட்டை அவர்தான் கொடுத்தார். ஆறு பெண்களுக்கும் ஆளுக்கு ஒன்று. தினமும் எழுத வேண்டுமாம். எத்தனை மீட்டர் ஆழம் போனோம், எவ்வளவு நேரம் இருந்தோம், என்ன பார்த்தோம். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவள், அதிலும் பாதி நாள் கடலில்தான் கிடந்தேன் என்று சொன்னேன். "மேல இந்த மூணும் இருந்தாப் போதும்மா, மிச்சம் உங்க இஷ்டம்" என்றார். என் இஷ்டம் என்றால் அவர் படிக்க மாட்டார் என்று அர்த்தம். பிறகென்ன, எழுதித் தள்ளுவேன்.

மாஸ்டர் பெயர் துரைசிங்கம். தூத்துக்குடிக்காரர். கப்பற்படையில் முக்குளித்துவிட்டு ஓய்வு பெற்றவர். சின்னத் தலை, சுருக்கம் விழுந்த கழுத்து, கண்ணை மெதுவாக மூடி மெதுவாகத் திறக்கிறார். பார்த்தவுடன் பெயர் வைத்துவிட்டேன். ஆமை.

வேலை இதுதான். எங்கள் பாம்பன் பக்கத்தில் செத்துப்போன பாரில், அதாவது கடலடிப் பாறையில், சிமெண்ட் பலகை வைத்து, அதில் உயிருள்ள பவளத்தை நடுகிறார்கள். அதற்கு சிலிண்டர் கட்டி இறங்கத் தெரிந்த பெண்கள் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் பயிற்சி, முடிவில் பரீட்சை. தேறுகிறவர்களுக்கெல்லாம் வேலை.

நான் முப்பது வருஷமாகக் கடல்பாசி எடுக்கிறவள். மூச்சைப் பிடித்து இறங்கினால் ஐம்பது எண்ணுவதற்குள் பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கீழே இன்னும் ஏதோ பாக்கி இருக்கும், மூச்சு இருக்காது. ஒரு நாளாவது அவசரமில்லாமல் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "சந்தைக்குப் போனாலே நீ உக்காந்து பாக்குறவதான" என்றார்.

ஒரு ஃபாரத்தில் உடம்பைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சர்க்கரை? இல்லை. மூச்சிரைப்பு? இல்லை. கண்ணாடி போடுவீர்களா? இல்லை. உண்மைதான். என்னிடம் கண்ணாடியே கிடையாது.

ஜோடி ஜோடியாக இறங்க வேண்டும் என்றதும் மற்ற நாலு பேரும் ஓடிப்போய்க் கைகோத்துக்கொண்டார்கள். மிஞ்சியது நானும் முத்துராக்குவும். என் மகன் கார்மேகத்துக்குப் பெண் கொடுத்தவள். என் சம்பந்தி. நாலு வருஷத்துக்கு முன்னால் கல்யாணப் பந்தி எங்கள் பொறுப்பு. மூன்றாம் பந்தியில் அவள் அண்ணன் இலைக்கு வரும்போது அப்பளம் தீர்ந்துவிட்டது. இன்னும் தீராதது அந்தப் பேச்சுதான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆழம்: இடுப்பளவு. நேரம்: ஒரு மணி. பார்த்தது: ஆவி.

புது மாஸ்க். போட்டுத் தலையை முக்கினால் இட்லிச் சட்டிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கிறது. ஆறு பேருக்கும் அப்படித்தான். புதுக் கண்ணாடியில் கம்பெனிப் பிசுக்கு இருக்கும், அது போகிறவரைக்கும் ஆவி பிடிக்கும் என்றார் மாஸ்டர். "வீட்டுக்குப் போயி பல்லு வெளக்குத பேஸ்ட்ட வச்சு உள்பக்கம் நல்லாத் தேய்ங்க. ஒரு தடவ இல்ல, நாலஞ்சு தடவ."

தேய்த்தேன். அரை டியூப் காலி. வீட்டுக்காரர் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு?" என்றார். உப்பைக் காட்டினேன்.

பிப்ரவரி 4, புதன்

ஆழம்: இரண்டு மீட்டர். நேரம்: இருபது நிமிஷம். பார்த்தது: மணல், சம்பந்தியின் கால்.

பேஸ்ட் தேய்த்ததில் பாதி ஆவி குறைந்தது. மீதிக்கு மாஸ்டர் சொன்ன மருந்து எச்சில். இறங்குவதற்கு முன்னால் மாஸ்க்குக்குள் துப்பி, விரலால் தடவி, கடல் தண்ணீரில் ஒரு அலசு. அவ்வளவுதான். சொல்லிவிட்டு அவரே துப்பிக் காட்டினார்.

அவர் மாஸ்க்கை எட்டிப் பார்த்தேன். கண்ணாடியின் கீழ்ப்பக்கம் இரண்டு மீன் செதில் ஒட்டியிருக்கிறது. எங்களுக்குத் துடைக்கச் சொல்லித் தருகிற மனுஷன்!

முத்துராக்கு துப்ப மாட்டேன் என்றாள். "மூஞ்சியில வைக்கிறதுல போயி எவளாச்சும் துப்புவாளா?"

"நான் வேணா துப்பித் தரவா சம்பந்தி?"

"உங்க எச்சி என் மூஞ்சியில படுறதுக்கு நான் குருடியாவே போயிருவேன்."

"படாம பாத்துக்குறேன். எங்க வீட்டு அப்பளந்தான் உங்களுக்கு எட்டல, எச்சியாச்சும் எட்டட்டும்."

மற்ற நாலு பேரும் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. கடைசியில் திரும்பி உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் அவளே துப்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 5, வியாழன்

ஆழம்: மூன்று மீட்டர். நேரம்: அரை மணி. பார்த்தது: குழாய் வழியாக மூச்சு விடுகிற பயத்தை.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆழம்: நான்கு மீட்டர். நேரம்: அரை மணி. பார்த்தது: ஒரு கூட்டம் ஊழி மீன், கண்ணை எடுக்க முடியவில்லை.

சூசையம்மாளை அனுப்பிவிட்டார்கள். எங்களில் நன்றாக நீந்துகிறவள் அவள்தான். காதில் வலியை மறைத்துக்கொண்டு இரண்டு நாள் இறங்கியிருக்கிறாள். இன்றைக்கு மேலே வரும்போது காதிலிருந்து ரத்தம். மாஸ்டர் துடைத்துவிட்டு, ஃபாரத்தில் ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான், ஆள் கரையில்.

உடம்பில் ஒரு குறை என்றால் கழித்துவிடுவார்கள் என்று எல்லாருக்கும் புரிந்துபோயிற்று. படகில் வரும்போது எல்லாரும் அவரவர் காதைத் தடவிக்கொண்டு வந்தார்கள். நான்தான் பேசினேன். எனக்கு ஒரு குறையும் கிடையாது, முப்பத்திரண்டு பல்லில் ஒன்றுதான் இல்லை, அதுவும் கரும்பு கடித்துப் போனது என்றேன்.

பிப்ரவரி 7, சனி

ஆழம்: ஐந்து மீட்டர். நேரம்: முப்பத்தைந்து நிமிஷம். பார்த்தது: கிளி மீன், பச்சை, நீலம், வாயில் லிப்ஸ்டிக்.

இன்றைக்குப் பாப்பாவின் ஷாம்பூ. கண் எரியாத ஷாம்பூ ஒரு சொட்டு தடவி லேசாக அலசினால் எச்சிலைவிட நன்றாக நிற்கும் என்று மாஸ்டர் சொன்னார். பேத்தி ஷாம்பூவைப் புட்டியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது. கண்ணாடி பளிங்கு மாதிரி. பத்து ஆள் நீளம் தள்ளிப் போகிற கிளி மீனின் செதிலை எண்ணலாம். ஆனால் சிலிண்டரில் எவ்வளவு காற்று பாக்கி என்று காட்டுகிற மீட்டரைக் கையில் எடுத்தேன், அதன்மேல் ஆவி. ஊசி எது, எண் எது, ஒன்றும் விளங்கவில்லை. மீட்டருக்கும் ஷாம்பூ போட வேண்டும்போல.

வீட்டுக்கு வந்தால் மருமகள் வினோதினி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். "அத்த, பாப்பா ஷாம்பூ எங்க?"

"பாப்பாவுக்கு இருக்குறதே ஏழு முடி. அதுக்கு எதுக்குடி புட்டி?"

"சரி, அத விடுங்க. மீன் கழுவுனது நீங்கதான? கொழம்பு பூராம் செதிலு."

மீன் அப்படிப்பட்ட மீன். எவ்வளவு சுரண்டினாலும் விடாது.

பிப்ரவரி 9, திங்கள்

ஆழம்: ஐந்து மீட்டர். நேரம்: நாற்பது நிமிஷம். பார்த்தது: சம்பந்தியின் பின்பக்கத்தை நண்டு ஒன்று ஆராய்ந்தது.

அதில்தான் வந்தது வினை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீருக்கடியில் சிரித்தால் காற்று மூக்கு வழியாக வந்து மாஸ்க்குக்குள் நிறைந்துவிடுகிறது. ஒரே நொடியில் இட்லிச் சட்டி.

மேலே வந்ததும் மாஸ்டர் சொன்னார்: "மூச்ச வாயாலயே எடுத்து வாயாலயே விடணும். மூக்கு வழியா சூடான காத்து வந்தா எந்த ஷாம்பூவும் நிக்காது. சும்மா இருக்கும்போது மாஸ்க்க நெத்தியில தூக்கி வைக்காதீங்க, வேர்வச் சூடு ஏறிக்கும். கழுத்துல தொங்க விடுங்க."

"சிரிப்பு வந்தா மாஸ்டர்?"

"மேல வந்து சிரிங்க."

நாற்பத்தெட்டு வருஷத்தில் சிரிப்பைத் தள்ளி வைக்கச் சொன்ன முதல் ஆள். சரி என்று தள்ளி வைத்தேன். ஆவி போயிற்று. எல்லாருக்கும் போயிற்று.

எனக்கு மட்டும் மீட்டர்மேல் நிற்கிறது. இந்த மீட்டர் சரியில்லை என்று முத்துராக்குவின் மீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். அவளிடம் இருக்கிறவரைக்கும் பளபளவென்று இருந்த மீட்டர், என் கைக்கு வந்ததும் மங்கிவிட்டது. என்னைக் கண்டால் அதற்கு வெட்கம்.

அவள் மீட்டர் பார்க்கிற அழகு தனி. கையை முழுக்க நீட்டிப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்துப் பார்க்கிறாள், கைக்கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி. அழகியென்று நினைப்பு.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஆழம்: ஆறு மீட்டர். நேரம்: முப்பத்தைந்து நிமிஷம். பார்த்தது: தூரத்தில் ஒரு திருக்கை, மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு.

அடம்பங்கொடி இலையைக் கசக்கி மாஸ்க்கில் தடவினேன். பாசிக்குப் போகும்போது எங்கள் பழைய கண்ணாடிக்கு அதைத்தான் தடவுவோம். ஷாம்பூவுக்கு அண்ணன் அது. திருக்கையின் கண் தெரிந்தது, அதை உள்ளே இழுத்துக்கொண்டதுகூடத் தெரிந்தது. மீட்டரில் ஆவி.

இனிமேல் மாஸ்டர் இடையிடையே கேட்பாராம். இரண்டு விரலால் உள்ளங்கையைத் தட்டினால், காற்று எவ்வளவு என்று கேட்பதாக அர்த்தம். முழுசாக இருந்தால் இருநூறு. ஐம்பதுக்குக் கீழே சிவப்பு, மேலே வந்துவிட வேண்டும்.

வேறு வழியில்லை, முத்துராக்குவிடம் போனேன். "சம்பந்தி, என் மாஸ்க்குல ஆவி நிக்கிது. நான் மீட்டர உங்ககிட்ட காட்டுறேன். பாத்துட்டு என் மணிக்கட்டுல தட்டுங்க. ஒரு தட்டுக்குப் பத்து."

அவள் மாஸ்க் வாரை ஒரு தடவை இழுத்து விட்டாள். கடலைப் பார்த்தாள். "சரி" என்றாள். ஒரு குத்தல்கூட இல்லாமல் சரி சொன்னதுதான் ஆச்சரியம்.

பிப்ரவரி 11, புதன்

ஆழம்: ஆறு மீட்டர். நேரம்: முப்பத்தெட்டு நிமிஷம். பார்த்தது: தட்டு.

தட்டு வேலை செய்கிறது. பதினஞ்சு தட்டினாள், நூற்றைம்பது என்று காட்டினேன். மாஸ்டர் என் மீட்டரை எட்டிப் பார்த்து, முன்னே பின்னே என்று கையை ஆட்டிவிட்டுத் தலையாட்டினார். அப்பளத்தை மறந்துவிட்டாள் போலிருக்கிறது, பாவம், நல்ல மனுஷிதான்.

இந்த நோட்டு ரொம்பச் சின்ன நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் கொள்கிறது. முதல் நாள் பதினாறு வரி எழுதியிருக்கிறேன், எப்படி எழுதினேனோ.

பிப்ரவரி 12, வியாழன்

ஆழம்: ஏழு மீட்டர். நேரம்: பாதியில் முடிந்தது. பார்த்தது: மாஸ்டரின் கோபத்தை.

ஏழு மீட்டரில் இருந்தோம். மாஸ்டர் உள்ளங்கையைத் தட்டினார். மீட்டரை முத்துராக்குவிடம் நீட்டினேன். ஒன்பது தட்டு தட்டினாள். ஒன்பது விரலைக் காட்டினேன். மாஸ்டர் என் மீட்டரைப் பிடித்து இழுத்துத் தானே பார்த்தார். அடுத்த நிமிஷம் என் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டார்.

நாற்பது. சிவப்பில் நிற்கிறது ஊசி.

"தொண்ணூறுன்னு காட்டுதீங்க! இன்னும் கொஞ்ச நேரம் போனா அங்க என்னத்தம்மா மூச்சு விடுவீங்க? தண்ணியவா?" அந்த மெதுவான கண் இன்றைக்கு மெதுவாக மூடவில்லை.

"ஆவி மாஸ்டர்" என்றேன்.

"ஆவின்னா தொடைக்கணும். இல்லன்னா தெரியலன்னு கைய ஆட்டணும். குத்துமதிப்பு சொல்லக்கூடாது."

தட்டியது சம்பந்தி என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. படகில் மூலையில் உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிழியப் பிழியத் தண்ணீர் வராத முந்தானை.

நாலு வருஷமாகக் காத்திருந்து கழுத்தை அறுத்துவிட்டாள். ஒரு அப்பளத்துக்கு.

பிப்ரவரி 13, வெள்ளி

ஆழம்: ஐந்து மீட்டர். நேரம்: அரை மணி. பார்த்தது: அவளைத் தவிர எல்லாவற்றையும்.

பிப்ரவரி 14, சனி

ஆழம்: இறங்கவில்லை, காற்று. நேரம்: வீட்டில். பார்த்தது: சுவரை.

புதன்கிழமை பரீட்சை. ஒவ்வொருவராக மாஸ்டரோடு தனியாக இறங்க வேண்டும். ஜோடி கிடையாது. கீழே அவர் கேட்கும்போது மீட்டரைப் பார்த்து, எழுதுகிற பலகையில் எண்ணை எழுதிக் காட்ட வேண்டும். அதில் தப்பினால் மற்றதெல்லாம் சரியாகச் செய்தாலும் வீட்டுக்குத்தான்.

ஆகவே மாஸ்க்குக்குப் புகையிலை தேய்த்துப் பார்த்தேன். யாரும் தேய்க்க வேண்டாம். கண் இரண்டு மணி நேரம் எரிந்தது. வீட்டுக்காரர், "எனக்காக ஒருநாளும் இப்படி அழுததில்ல" என்றார்.

சட்டையில் பொத்தான் பிய்ந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கப் பார்த்தேன். இப்போதெல்லாம் ஊசிக்குக் காது வைப்பதே இல்லை. வினோதினி வாங்கி ஒரே போடில் கோத்தாள்.

"அத்த, நேத்து சோத்துல கல்லு. அரிசி நீங்க பொடச்சது. மண்டபத்துல கண்ணு பாக்குற கேம்ப் போடுறாக. ஒரு எட்டுப் போயிட்டு வரலாம்ல?"

"ஏன், என் கண்ணுக்கு என்ன? அந்தா வருது பாரு போட்டு, அதுல நிக்கிறவன் மீசை வச்சிருக்கானா இல்லையான்னு சொல்லட்டா?"

"போட்டுல கல்லு பொறுக்கவா போறீக?"

வாய் என்னை மாதிரியே. யார் வளர்த்தது? அவள் அம்மா இல்லை, நான்தான். நாலு வருஷத்தில்.

இதை வெளியே வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உச்சி வெயிலில் எழுதினால்தான் எழுத்து அழகாக வருகிறது. மத்த நேரத்தில் மயிலிறகை மையில் முக்கி வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

தேறாவிட்டால் என்ன, பாசி இருக்கிறது. ஐம்பது எண்ணி மேலே வந்தால் போயிற்று. முப்பது வருஷம் எண்ணவில்லையா?

பிப்ரவரி 16, திங்கள்

(இது காலண்டர் தாளின் பின்பக்கம். பிறகு நோட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.)

நோட்டு போய்விட்டது. இன்றைக்கு மாஸ்டர் எல்லார் நோட்டையும் வாங்கிக்கொண்டார். நான் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தேன். "தலைப்ப மட்டும் இப்பவே பாத்துட்டுக் குடுத்துருங்க மாஸ்டர்" என்றேன். "ராத்திரி எனக்கு வேற வேல இல்லம்மா, முழுசாப் படிக்கேன்" என்றார்.

ஆமை என்று எத்தனை இடத்தில் எழுதினேன் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருக்கிறேன். கழுத்துச் சுருக்கத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். பரீட்சைக்கு முன்னாலேயே என்னைக் கழித்துவிடுவார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஆழம்: கரை. நேரம்: கால் மணி. பார்த்தது: கீழே எழுதியிருக்கிறேன்.

மாஸ்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். கையில் என் நோட்டு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓட்டுக்குள் இழுத்து வைத்த முகம்.

"அந்தா நிக்கிற போட்டுல என்ன எழுதியிருக்கு?"

கரையிலிருந்து கால் மைல் இருக்கும். "ஆரோக்கிய மாதா துணை. கீழ நம்பரு. கடைசி ஏழுல பெயிண்டு உதுந்துருக்கு."

நோட்டைத் திறந்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தார். பக்கத்தின் அடியில் எறும்பு வரிசை மாதிரி ஏதோ ஊர்ந்தது. "இது என்ன எழுதியிருக்கு?"

என் வாய்க்கு எப்போதும் முந்திரிக்கொட்டைப் புத்தி. "ஆவி பிடிச்சிருக்கு மாஸ்டர்" என்றுவிட்டேன்.

"நீங்க இப்ப மாஸ்க்கே போடலியேம்மா."

நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். அது தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேலே வர வர மங்கல்.

"கழிச்சு விட்றாதீக மாஸ்டர்" என்றேன்.

அவர் பையிலிருந்து தன் மாஸ்க்கை எடுத்தார். "இதுல ஒட்டியிருக்கது என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"…செதிலு."

"தொட்டுப் பாருங்க."

தொட்டேன். செதில் இல்லை. பிறை மாதிரி இரண்டு வில்லை, வழுவழுவென்று. அந்த மாஸ்க்கை நோட்டுக்கு மேலே பிடித்து, வில்லை வழியாகப் பார்க்கச் சொன்னார். எறும்பெல்லாம் எழுந்து நின்று எழுத்தாயிற்று, மாஸ்டரின் எழுத்து.

'ஆமைக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆமைக்கும் வெள்ளெழுத்து.'

"உங்க நோட்டுல முழுக்க அதுதான் எழுதியிருக்கு" என்றார். "தூரத்து மீனு பளிச்சு, பக்கத்து மீட்டரு மங்கல். கொழம்புல செதிலு, சோத்துல கல்லு, ஊசிக்குக் காதில்ல. எழுதுன உங்களுக்குத்தான் தெரியல. இத ஒட்டுனா முடிஞ்சது. தண்ணியில நனைச்சு வச்சா தானாப் பிடிச்சுக்கும்."

"அப்ப சூசையம்மாள ஏன் அனுப்புனீக?"

"புண்ணுக் காதோட எறங்குனா செவிப்பறை போயிரும். ஆறிட்டு வந்தா சேத்துக்கிடுவேன், அதயும் சொல்லித்தான் அனுப்புனேன். வயசான கண்ணு குத்தமில்ல. நாப்பது இருக்கயில தொண்ணூறுன்னு காட்டுனீங்க பாருங்க, அதுதான் குத்தம். அதுக்கு உங்கள அன்னிக்கே அனுப்பியிருக்கணும்."

"இப்ப அனுப்புறீகளா?"

மெதுவாகக் கண்ணை மூடி, மெதுவாகத் திறந்தார். "ஃபாரத்துல கண்ணாடிங்கற எடத்துல ஆமான்னு திருத்துங்க. நாளைக்கு எறங்குங்க. ஊசி நிக்கித எடத்த எழுதுங்க. தப்பா எழுதுனா மறுபேச்சு கிடையாது." பிறகு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "அந்தத் தட்டுத சம்பந்தியம்மாகிட்ட பேசுதீங்களா?"

"பேச மாட்டேன்."

"பேசுங்க" என்றார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

நோட்டோடு ஒரு ஜோடி வில்லையும் புதுசாகக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நனைத்து ஒட்டினேன். மாஸ்க்கோடு அரிசியைப் பார்த்தேன். எத்தனை கல்! இவ்வளவு நாள் இந்தக் குடும்பம் எப்படி உயிரோடு இருந்தது?

பிப்ரவரி 18, புதன்

ஆழம்: ஏழு மீட்டர். நேரம்: நாற்பத்தொரு நிமிஷம். பார்த்தது: எழுதி முடியாது, ஆனாலும் எழுதுகிறேன்.

முதல் ஆள் நான். துப்பினேன், வில்லையின் மேல் வழித்துத் தடவினேன், அலசினேன். இறங்கினோம். அடியில் மண்டிபோட்டு நின்றதும் மாஸ்டர் உள்ளங்கையைத் தட்டினார்.

மீட்டரை எடுத்தேன். கண்ணைக் கீழே தாழ்த்தி வில்லை வழியாகப் பார்த்தேன். ஊசி நின்றது. ஊசி மட்டுமா? எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் சின்னச் சின்னக் கோடெல்லாம் இருக்கிறது! இத்தனை நாள் அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நூறுக்கு மேலே ஒரு கோடு தள்ளி. பலகையில் எழுதினேன், 110. மாஸ்டர் மீட்டரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துச் சேர்த்துக் காட்டினார். சரி என்று அர்த்தம்.

அத்தோடு மேலே போகலாம். அவர் போகவில்லை. பக்கத்தில் இருந்த பவளக் கல் ஒன்றைக் காட்டி, கிட்டே வா என்றார்.

அந்த மாதிரிக் கல்லை எத்தனை ஆயிரம் தடவை பிடித்திருப்பேன். பாசி பிய்க்கும்போது அலை இழுத்துவிடாமல் இருக்க ஒரு கையால் அதைத்தான் பற்றிக்கொள்வோம். சொரசொரப்பாக இருக்கும், கையைக் கிழிக்கும், சனியன் என்று திட்டுவோம். இன்றைக்கு வில்லை வழியாகப் பார்க்கிறேன், அந்தச் சொரசொரப்பு ஒவ்வொன்றும் ஒரு பூ. பூ என்றால் சும்மா இருக்கிற பூ இல்லை. எள்ளளவு வாய், அதைச் சுற்றி நூலளவு விரல்கள், விரிவதும் சுருங்குவதுமாக எதையோ பிடித்துத் தின்றுகொண்டிருக்கின்றன. ஒரு கல்லில் ஒரு ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது. பந்தி மாதிரி.

ஐம்பது எண்ணினேன். பழக்கம். ஐம்பது முடிந்தது, மூச்சு முடியவில்லை. மறுபடி ஐம்பது. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று போய்விட்டது. ஏன் போயிற்று என்று தெரியவில்லை, நான் சிரிக்கவில்லை. அந்த ஒரு தடவை மாஸ்க்கில் மெய்யாகவே ஆவி பிடித்தது.

மேலே வந்தால் படகில் முத்துராக்கு. அடுத்தது அவள் முறை. மாஸ்க்கைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். அவளே என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"சம்பந்தி."

"ம்."

"உங்க மாஸ்க்குல ஒட்டியிருக்குற அந்தச் செதிலு… இன்னொரு ஜோடி இருக்குமா?"

எனக்கு முதலில் ஏறவில்லை. பிறகு ஏறியது. கையை நீட்டித் தலையைச் சாய்த்துப் பார்க்கிற அழகி. "அடியாத்தீ! அப்ப நீங்க என் கையில தட்டுனதெல்லாம்?"

"குத்துமதிப்புத்தான்" என்றாள் தலையைக் குனிந்து. "நேரத்த வச்சு ஒரு கணக்குப் போட்டுத் தட்டுவேன். உங்களுக்கு ஆவி, எனக்கு நல்லாத் தெரியும்னு நம்பி வந்து கேட்டீக. எனக்கும் தெரியலன்னு எப்படிச் சொல்றது? அதும் உங்ககிட்ட போயி!"

அப்பளம் இல்லை. அப்பளமே இல்லை. ஒரு குருடி இன்னொரு குருடியிடம் வழி கேட்டு ஏழு மீட்டர் ஆழத்தில் நின்றிருக்கிறோம், அவளும் சொல்லியிருக்கிறாள், நானும் போயிருக்கிறேன். அதை நினைத்தால் முதுகு சில்லிட்டது. ஒரு நிமிஷம்தான். அதற்குப் பிறகு வந்த சிரிப்பில் நான் படகிலிருந்து விழப் பார்த்தேன். அவளும் சிரித்தாள். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

"போயி மாஸ்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றேன். "மறைச்சாத்தான் மனுஷனுக்குக் கோவம்."

போனாள். நின்றாள். சொன்னாள். அவர் ஆச்சரியப்படவே இல்லை. ஃபாரத்தையும் பேனாவையும் முன்னாலேயே எடுத்து வைத்திருந்தார். "வில்லை இன்னொன்னு கரையில இருக்கு. இப்பம் இவங்க மாஸ்க்க வாங்கிப் போட்டுக்கோங்க" என்றார்.

என் மாஸ்க்கை நீட்டினேன். வாங்கி, உள்ளே பார்த்தாள்.

"துப்பியிருக்கீகளா?"

"பின்ன? நல்லா வழிச்சு."

மூக்கைச் சுருக்கினாள். என்னைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். தண்ணீரில் ஒரே ஒரு அலசு அலசி, முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு பின்பக்கமாக விழுந்துவிட்டாள்.

அவள் கீழே இருந்த நேரம் முழுக்க நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழி வருகிறதா, வருகிறதா என்று. ஐம்பது ஐம்பதாக எண்ணினேன். எனக்காக எண்ணியதைவிட மெதுவாகப் போயிற்று. கடைசியில் தலை தெரிந்தது. குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினாள்: "சம்பந்தி! நூத்தி முப்பது! கோடெல்லாம் போட்டிருக்கான் சம்பந்தி!"

பிப்ரவரி 20, வெள்ளி

பட்டியல் ஒட்டியிருந்தார்கள். பொடி எழுத்து. நானும் முத்துராக்குவும் ஒரு மாஸ்க்கை மாற்றி மாற்றி முகத்தில் பிடித்து நடுரோட்டில் நின்று படித்தோம். டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். ஐந்து பேர் பெயரும் இருக்கிறது. கீழே, காது ஆறியதும் சூசையம்மாள் என்றும் எழுதியிருக்கிறது.

சாயங்காலம் ஒரு கட்டு அப்பளம் வாங்கிச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அரை மணியில் போன் வந்தது. "ரொம்பச் சின்னதா இருக்கே?"

"வில்லை வச்சுப் பாருங்க, பெருசாத் தெரியும்."

திங்கட்கிழமையிலிருந்து வேலை. மாஸ்டர் இந்த நோட்டைத் தொடர்ந்து எழுதச் சொல்லியிருக்கிறார், ஆமை வருகிற இடத்தில் கொஞ்சம் மரியாதையாக எழுத வேண்டுமாம். எழுதலாம். இன்றைக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. பட்டியல் படிக்கும்போது வில்லை வழியாகத் திரும்பி முத்துராக்குவைப் பார்த்தேன். மேலுதட்டில் மூன்று முடி. நீளமாக, கறுப்பாக. நாலு வருஷமாக என் கண்ணில் படாதது.

நான் சொல்லவில்லை. நல்ல நாள், கெடுக்க வேண்டாம். திங்கட்கிழமை கீழே போனதும் பலகையில் எழுதிக் காட்டுகிறேன். அங்கே அவளால் திருப்பிப் பேச முடியாது.